புது ஸ்டேடியம் வருகிறது என்றாலே அந்தப் பகுதி மக்கள் எதிர்ப்பது ஏன்? வெறும் சுயநலம்தானா?

சுயநலம் கொஞ்சம் இருக்கும்தான். ஆனால் கணக்கும் அவர்கள் பக்கம்தான். ஸ்டேடியத்தால் கிடைக்கும் பெருமை ஊர் முழுக்கப் பரவுகிறது. தொல்லை நாலைந்து தெருவோடு நிற்கிறது. ஆட்டம் முடிந்ததும் அறுபதாயிரம் பேர் ஒரே நேரத்தில் வெளியே வந்தால், வாசலில் நிற்கும் காரை எடுக்கக்கூட வழியிருக்காது.

‘வேலை வரும், வியாபாரம் பெருகும்’ என்பார்கள். பொருளாதார ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இதை ஏற்பதில்லை. மக்கள் வேறு பொழுதுபோக்குக்குச் செலவழிக்க இருந்த பணம்தான் இங்கே இடம் மாறுகிறது. பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ தொழில்முறை அணி ஒன்று வழக்கமான சீசனில் சொந்த மைதானத்தில் ஆடுவதே எட்டு ஒன்பது ஆட்டங்கள். மற்ற நாட்களில் பக்கத்துக் கடைக்கு யார் வருவார்கள்?

அப்புறம், பழைய காயங்கள். லாஸ் ஏஞ்சலஸின் சாவேஸ் ராவைனில், பொதுக் குடியிருப்பு கட்டப்போவதாகச் சொல்லி, 1950களில் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். குடியிருப்புத் திட்டம் கைவிடப்பட்டது. மறுத்து நின்ற கடைசிக் குடும்பங்களை 1959-இல் போலீஸ் வெளியேற்றியது. 1962-இல் அங்கே டாட்ஜர் ஸ்டேடியம் என்ற பேஸ்பால் மைதானத்தைத் திறந்தார்கள். இதற்குப் பிறகு வாக்குறுதியை நம்பு என்றால் எப்படி?

எல்லா எதிர்ப்பும் நியாயம் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் வீட்டு விலை குறைந்துவிடும் என்ற பயம்தான் ‘சுற்றுச்சூழல்’ என்று வேஷம் போடுகிறது. சரி, என்ன செய்யலாம்? ரயில் நிலையத்தை ஒட்டிய இடமாகப் பார்க்கலாம். லண்டனில் ஆர்சனல் கால்பந்து அணியின் மைதானத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், ஆட்ட நாளில் பார்க்கிங்குக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. இப்படிப்பட்ட ஏற்பாட்டை இடம் முடிவாகும் முன்பே பேசி ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும். கட்டி முடித்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள்.