"ஒருங்கிணைப்பாளர்" என்று போட்டால் போதுமா?

கேள்வி: எனக்கு 27 வயது, விளம்பர நிறுவனம் ஒன்றில் டிசைனர். நண்பர்கள் சேர்ந்து தமிழில் ஒரு கொமிக்ஸ் இதழ் தொடங்குகிறோம். கதையைத் தெரிவு செய்தது, ஓவியர்களைப் பிடித்தது, அச்சகத்தோடு விலை பேசியது எல்லாம் நான்தான். இப்போது காசு போடுகிற அண்ணா வேறொருவரை ஆசிரியராகப் போட்டு, என்னை ஒருங்கிணைப்பாளர் என்று போடலாம் என்கிறார். கொமிக்ஸ் வாசிப்பது பொடியன்கள்தானாம், பொம்பிளை ஆசிரியர் என்றால் எடுபடாதாம். "பேருக்காக ஏன் சண்டை பிடிக்கிறாய்" என்று அப்பாவும் சொல்கிறார். என்ன செய்ய?
- வாசகி, வெள்ளவத்தை

பதில்: தங்கச்சி, ஒத்துக்கொள்ளாதீர்கள். அப்பா இதை வெறும் பேர் என்று நினைக்கிறார், அவர்மேல் பிழை இல்லை, வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும்.

நான் ஒரு வார இதழில் நாலு வருஷம் சிறுவர் பக்கம் பார்த்தேன். பேர் உதவி ஆசிரியர், வேலை முழுவதும் என்னுடையது. படக்கதை வரைந்து தந்த ஒரு பொடியனுக்குக் காசு கொடுக்கச் சொல்லிக் கணக்குப் பிரிவுக்குப் போனால், "நீங்கள் கையெழுத்துப் போட ஏலாது, ஆசிரியரிடம் வாங்கி வாங்கோ" என்று திருப்பி அனுப்புவார்கள், ஆசிரியருக்கோ அந்தப் பொடியன் யாரென்றே தெரியாது. மூன்று மாதம் அலைந்தான். அப்புறம் வரைவதையே விட்டுவிட்டான். இன்றைக்கும் அது எனக்கு வலிக்கிறது.

ஜெனட் கான் என்ற பெண்ணைப் பற்றித் தேடி வாசியுங்கள். 1976இல், சூப்பர்மேன் கதைகளைப் போடும் அமெரிக்க நிறுவனமான டிசி கொமிக்ஸின் பதிப்பாளராக வந்தபோது அவருக்கு 28 வயது, உங்களைவிட ஒரு வயதுதான் கூட. அதுவரை சிறுவர் பத்திரிகைகள் நடத்தியவர். அந்தத் தொழிலின் வரலாறு தெரியும்தானே? 1938இல் சூப்பர்மேனை உருவாக்கிய இரண்டு பேரும் 130 டொலருக்கு உரிமையை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகும் பல வருஷமாக பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலிதான், இதழ் எவ்வளவு விற்றாலும் வரைந்தவருக்கு அதில் பங்கில்லை. கான் தலைமையில் டிசி 1981இல் அதை மாற்றியது: ஓர் இதழ் 1 இலட்சம் பிரதிக்கு மேல் விற்றால் எழுதியவருக்கும் வரைந்தவருக்கும் பங்கு. இதை ஓர் ஒருங்கிணைப்பாளர் செய்திருக்க முடியுமா, சொல்லுங்கள். அவருக்கும் சறுக்கியது. 1978இல் ஒரே அடியாக நிறைய இதழ்களை நிறுத்த வேண்டி வந்தது. ஆனாலும் 2002 வரை அங்கேதான் இருந்தார்.

கேரன் பெர்கர் அதே டிசியில் 1979இல் உதவியாளராகச் சேர்ந்தவர். கொமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்கூட இல்லை. 1993இல் வெர்டிகோ என்ற தனிப் பிரிவையே கையில் எடுத்தார். பெரியவர்கள் வாசிக்கும் கொமிக்ஸ் என்று இன்று நாம் கொண்டாடுவதில் ஒரு பெரும் பகுதி அவர் எழுத்தாளர்களைத் தேடிப் பிடித்ததால் வந்தது. 2020இல் மேரி ஜாவின்ஸ் டிசியின் தலைமை ஆசிரியரானார்.

எனக்கு மிகவும் பிடித்தவர் பிரான்சுவாஸ் மூலி. நியூயோர்க்கில் தன் வீட்டுக்குள்ளேயே ஓர் அச்சு இயந்திரத்தை ஏற்றி வைத்து, அதை ஓட்டப் பழகி, 1980இல் கணவரோடு சேர்ந்து ரா என்ற கொமிக்ஸ் இதழைத் தொடங்கினார். தாள், மை, இயந்திரம் எல்லாம் கைக்குத் தெரிந்தவர். நீங்களும் அச்சகத்தில் போய் நின்று விலை பேசியவர்தானே.

பொடியன்கள் வாசிக்க மாட்டார்கள் என்ற கதைக்கு ஒரு வரி போதும்: 1984இல் சிவகாசியில் லயன் காமிக்ஸ் தொடங்கியபோது முதல் இதழின் நாயகி மாடஸ்டி பிளைசி. நாயகி வேறு, ஆசிரியர் வேறு என்பார் அந்த அண்ணா, சொல்லட்டும். ஆசிரியர் யார் என்று பார்த்தா பொடியன்கள் இதழ் வாங்குகிறார்கள்?

சரி, அவரோடு எப்படிப் பேசுவது? கோபமாகப் போக வேண்டாம், ஒரு பக்கத்தைக் கொண்டு போங்கள். படம் முடிந்து எழுத்துப் போடாத பக்கம். தமிழில் வசனம் நீளம், அதை எழுதுகிற பலூன் சின்னது, "விட்டுவிடாதே" என்ற சொல் பாதியில் உடைந்து "விட்டுவிடா" ஒரு வரியிலும் "தே" தனியாக அடுத்த வரியிலும் விழும். எந்தச் சொல்லை வெட்டுவது, எந்தப் பலூனைப் பெரிதாக்கச் சொல்லி ஓவியரோடு மல்லுக்கட்டுவது என்று முடிவெடுப்பவர்தான் ஆசிரியர். அந்தப் பக்கத்தை மேசையில் வைத்து, நீங்கள் போடப்போகிறவர் இதை எப்படிச் சரிசெய்வார் என்று அவரிடம் கேளுங்கள். பிறகு மூன்று விஷயம் எழுத்தில் வேண்டும் என்று சொல்லுங்கள்: கதையில் கடைசி முடிவு யாருடையது, ஓவியருக்கான காசுக்குக் கையெழுத்துப் போடுவது யார், உள்ளட்டையில் ஆசிரியர் என்ற இடத்தில் யாருடைய பேர்.

மூன்றுக்கும் உங்கள் பேர் வராவிட்டால் விலகுங்கள். காசு அவருடையதாக இருக்கலாம், ஆனால் ஓவியர்களின் தொலைபேசி எண்கள் உங்களிடம்தானே இருக்கின்றன. முதல் இதழைச் சின்னதாக, 24 பக்கத்தில், கறுப்பு வெள்ளையில் நீங்களே போடலாம். அப்படிப் போட்டால் எனக்கு ஒரு பிரதி எடுத்து வையுங்கள், காசு கொடுத்துத்தான் வாங்குவேன்.