ரெட்டைக் குழந்தை, டெலிவரி வரைக்கும் ஆஸ்பத்திரி: புருஷன் பக்கத்துல இருந்து என்ன பண்ணணும்?

திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கார்: "மேடம், என் மனைவிக்கு 28 வாரம். ரெட்டைக் குழந்தை, ரெண்டுக்கும் ஒரே நஞ்சுக்கொடி. ஒண்ணு நல்லா வளருது, இன்னொண்ணு எடை கம்மி, டாப்ளர் ஸ்கேன்ல ரத்த ஓட்டம் சரியில்லன்னு கோயம்புத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரில அட்மிட் பண்ணி 9 நாள் ஆச்சு. எப்ப வீட்டுக்குன்னு கேட்டா டெலிவரி வரைக்கும் இங்கதான்ங்கறாங்க. டாக்டர் என்னை மட்டும் தனியா கூப்ட்டு, சின்னக் குழந்தைக்கு எப்ப வேணா என்ன வேணா ஆகலாம்னு சொன்னாங்க. அவ பயந்துருவா, சொல்லாதன்னு எங்கம்மா சொல்லிட்டாங்க. நான் பக்கத்துல உக்காந்து ஒண்ணும் ஆகாது தைரியமா இருன்னு சொன்னா அவ செவுத்தப் பாத்து திரும்பிப் படுத்துக்கறா. வீட்ல 4 வயசுல பொண்ணு இருக்கா, நான் பனியன் கம்பெனில சூப்பர்வைசர், தினமும் வந்து போயிட்டிருக்கேன். வளைகாப்பு கூடப் போடலியேன்னு அம்மா வேற வருத்தப்படறாங்க. நான் அவளுக்கு என்னதான் பண்ணணும்?"

தம்பி, அந்த செவுத்தப் பாத்துத் திரும்பிக்கறதுல இருந்தே ஆரம்பிப்போம். அவங்களுக்குத் தெரியும். டாக்டர் உங்களைத் தனியா கூப்ட்டது தெரியும், நீங்க திரும்பி வந்தப்ப உங்க மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு தெரியும், நர்ஸ் வயித்துல பெல்ட் கட்டி ஹார்ட்பீட் தேடறப்ப எந்தப் பக்கம் கெடைக்க லேட்டாகுதுன்னு உங்களை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும். அவ்வளவும் தெரிஞ்சவங்ககிட்ட ஒண்ணும் ஆகாதுன்னு சொன்னா, இந்த பயத்தை நீ தனியாவே வெச்சுக்கோன்னு சொன்ன மாதிரிதான் அவங்க காதுல விழும்.

நானும் டாக்டரா வேலைக்கு வந்த புதுசுல இப்படித்தான், கஷ்டமான சேதின்னா புருஷனையோ மாமியாரையோ வராண்டாவுக்குக் கூப்ட்டு சொல்லுவேன், அதான் நல்லதுன்னு நெனச்சிருந்தேன். ஒருநாள் ஒரு பொண்ணு, அவங்களுக்கும் ரெட்டைதான், நான் ரவுண்ட்ஸ் முடிச்சு நகர்றப்ப என் கையப் புடிச்சு "என் வயித்துல இருக்கறத எங்கிட்ட சொல்ல மாட்டீங்களா மேடம்"னு கேட்டாங்க. அதுக்கப்புறம் நான் ஒருத்தர்கிட்டயும் வராண்டால சொன்னது இல்ல.

உங்க கேஸ்ல ஏன் கண்டிப்பா சொல்லணும்ங்கறதுக்கு வைத்திய ரீதியாவே ஒரு காரணம் இருக்கு, கொஞ்சம் பொறுமையாப் படிங்க. ஒரே நஞ்சுல வளர்ற ரெட்டைக்கு சில சமயம் நஞ்சு சரிபாதியா பிரியாது, அப்ப ஒருத்தருக்கு சத்து ஜாஸ்தி போகும் ஒருத்தருக்குக் கம்மியாப் போகும். அது போக ரெண்டு பேரோட ரத்தக்குழாயும் நஞ்சுக்குள்ள ஒண்ணோட ஒண்ணு சேந்திருக்கும். சின்னக் குழந்தைக்கு உள்ளேயே ஏதாவது ஆயிருச்சுன்னா அந்தத் தொடர்பு வழியா பெரிய குழந்தையோட ரத்தம் அந்தப் பக்கம் போயி, நல்லா இருக்கற குழந்தையோட உயிருக்கோ மூளைக்கோ பாதிப்பு வரலாம். அதனாலதான் வாரம் ஒருதடவை வந்து காட்டுங்கன்னு அனுப்பாம பெட்லயே வெச்சுப் பாக்கறாங்க. அப்ப சீக்கிரமா எடுத்துர வேண்டியதுதானேன்னு தோணும், ஆனா 28 வாரத்துல எடுத்தா பெரிய குழந்தையும் சேந்து குறைமாசக் குழந்தை ஆயிரும். எப்ப எடுக்கறதுங்கறதுதான் இங்க மொத்தக் கேள்வியுமே. டாப்ளரையும் ஹார்ட்பீட்டையும் பாத்து நாளுக்கு நாள் எடுக்கற முடிவு அது, நாங்க எல்லா விவரமும் சொல்லிட்டு உங்க விருப்பம் என்னன்னு கேக்கற நேரமும் வரலாம். அந்த நேரத்துல, முந்தி எதுவுமே சொல்லாத ஒரு பொண்ணுகிட்ட போயி பத்து நிமிஷத்துல முடிவு சொல்லுன்னு கேக்க முடியுமா? சட்டப்படியும் சுயநினைவோட இருக்கற, வயசு வந்த பொண்ணோட வைத்தியத்துக்கு சம்மதம் சொல்ல வேண்டியது அவங்கதான். புருஷன்கிட்டயும் கையெழுத்து வாங்குவாங்க, ஆனா அது அவங்க சம்மதத்துக்கு பதிலா ஆகாது.

சரி, எப்படி சொல்றது. நீங்களா சொல்ல வேணாம், அழுதுருவீங்க, பாதி மாத்தி சொல்லிருவீங்க. டாக்டர்கிட்ட போயி "நாளைக்கு ரவுண்ட்ஸ்ல எனக்கு சொன்னதை எங்க ரெண்டு பேருக்கும் சேத்து உக்காந்து சொல்லுங்க, இனிமே எதுவா இருந்தாலும் அவங்க முன்னாடியே சொல்லுங்க"ன்னு கேளுங்க. அதுக்கு முந்தின ராத்திரி மனைவிகிட்ட இவ்வளவு மட்டும் போதும்: "டாக்டர் எங்கிட்ட சில விஷயம் சொன்னாங்க, உங்கிட்ட சொல்லாம விட்டது என் தப்பு, நாளைக்கு ரெண்டு பேரும் சேந்து கேப்போம்." உங்கம்மா கோவிச்சுக்குவாங்க, பரவால்ல, அவங்களும் பயத்துலதான் சொல்றாங்க, டாக்டரே சொன்னதுன்னு சொல்லிருங்க. மனைவி அழுவாங்க. அழட்டும், நீங்க பேசாம கையப் புடிச்சுட்டு உக்காந்திருங்க.

ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்க. தினமும் டாக்டர் சொன்னது, ஸ்கேன் தேதி, எடை, பிரஷர், சுகர், ராத்திரி மனசுல வர்ற கேள்வி எல்லாம் அதுல எழுதணும், எழுத வேண்டியது அவங்க, நீங்க இல்ல. படுத்தே இருக்கறவங்களுக்கு எல்லாத்தையும் அடுத்தவங்கதான் முடிவு பண்றாங்க, சாப்பாட்டு நேரம், லைட் அணைக்கிற நேரம், யார் வந்து பாக்கறதுங்கறது வரைக்கும். நோட்டு அவங்க கையில இருந்தா டாக்டரும் அவங்களப் பாத்துப் பேசுவாங்க, நான் எத்தனையோ வார்டுல பாத்திருக்கேன். அதே மாதிரிதான் பாக்க வர்ற சொந்தக்காரங்க விஷயமும், யார் வரணும் யார் வேணாம்னு அவங்ககிட்ட கேளுங்க, வேணாம்னு சொன்னவங்ககிட்ட போன்ல பேசி நிறுத்த வேண்டியது உங்க வேலை. "ஐயோ இவ்ளோ சின்ன வயிறா இருக்கே"ன்னு ஒரு அத்தை வந்து சொல்லிட்டுப் போனா அன்னைக்கு ராத்திரி பூரா தூக்கம் போச்சு.

அங்க நடக்கறது சிலது தெரிஞ்சிருந்தா பாதி பயம் கொறையும். சிடிஜி பெல்ட் கட்டி ஹார்ட்பீட் கேக்கறப்ப, குழந்தை கொஞ்சம் நகந்தாலே சத்தம் நின்னுரும், 28 வாரத்துல ரெட்டைக்கு ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல புடிக்கறதே கஷ்டம். சத்தம் நின்னா இதயம் நின்னுருச்சுன்னு அர்த்தம் இல்ல, பெல் அடிச்சு நர்ஸைக் கூப்டுங்க, அவங்க நகத்தி வெப்பாங்க. நுரையீரலுக்குன்னு ஸ்டீராய்டு ஊசி போடுவாங்க, பீட்டாமெத்தசோன்னா 24 மணி நேர இடைவெளில 2 டோஸ், டெக்ஸாமெத்தசோன்னா 12 மணிக்கு ஒண்ணுன்னு 4 டோஸ். குறைமாசக் குழந்தைக்கு மூச்சுத்திணறலைக் கொறைக்கற ஊசி அது, பயப்பட வேணாம், ஆனா சில நாளைக்கு சுகர் ஏறும், அதனால அந்த நேரத்துல ஜூஸ், அல்வா, ஹார்லிக்ஸ்னு பாசத்துல தூக்கிட்டுப் போகாதீங்க, டயட்டீஷியன்கிட்ட கேட்டுட்டு சுண்டல், முட்டை, மோருன்னு கொண்டு போங்க. ஊசிக்கப்புறம் குழந்தைங்க அசைவு ஒருநாள் ரெண்டுநாள் மந்தமாத் தெரியலாம், ஊசியாலதான்னு நீங்களே முடிவு பண்ணிக்காம ஒவ்வொரு தடவையும் நர்ஸ்கிட்ட சொல்லுங்க. 32 வாரத்துக்கு முன்னாடி எடுக்கப் போறாங்கன்னா குழந்தைங்க மூளைப் பாதுகாப்புக்கு மெக்னீசியம் ஏத்துவாங்க, ஏத்தறப்ப உடம்பெல்லாம் தீ மாதிரி எரியற மாதிரி இருக்கலாம், முன்னாடியே தெரிஞ்சா தாங்கிக்கலாம். சும்மாவே தலைவலி, கண்ணு மங்கறது, நெஞ்சுக்குழிக்குக் கீழ வலி, தண்ணி கசியறது, ரத்தம், வயிறு விட்டு விட்டு இறுகறது, இதுல எது வந்தாலும் ராத்திரி ரெண்டு மணின்னாலும் பெல் அடிக்கணும், தொந்தரவு பண்றோமோன்னு அவங்க தயங்குவாங்க, நீங்க அடிங்க.

அசையாமப் படுத்துட்டே இருந்தா குழந்தைக்கு நல்லதுன்னு பல பேர் நெனைக்கறாங்க, அப்படி முழு பெட் ரெஸ்ட்டால பலன்னு நிரூபணம் எதுவும் இல்ல, மாறா கால்ல ரத்தம் உறையற ஆபத்து ஜாஸ்தி. எவ்வளவு நடக்கலாம்னு டாக்டர்கிட்ட கேட்டு நோட்டுல எழுதிக்கங்க. நடக்கக் கூடாதுன்னா கணுக்காலை மேல கீழ ஆட்டச் சொல்லுங்க, தண்ணி குடிக்க வைங்க, கால் பிடிச்சு விடுங்க, ஆனா ஒரு கால் மட்டும் வீங்கி வலிச்சா அமுக்காதீங்க, உடனே டாக்டர்கிட்ட காட்டுங்க. மல்லாக்கப் படுக்காம ஒருக்களிச்சுப் படுக்க முதுகுக்கும் வயித்துக்கும் வீட்டுத் தலகாணி ரெண்டு கொண்டு போங்க, வீட்டு வாசனை உள்ள தலகாணின்னா அதுவே ஒரு ஆறுதல்.

இந்த நேரத்துலயே குழந்தைங்க டாக்டரைப் பாக்கணும்னு கேளுங்க. அந்த ஆஸ்பத்திரிலயே என்ஐசியு, அதாவது பச்சக் குழந்தைங்களுக்கான ஐசியு இருக்கா, ரெண்டு பெட் ரெண்டு வென்டிலேட்டர் ஒரே நேரத்துல கெடைக்குமான்னு கேளுங்க. இல்லன்னா இப்பவே, வயித்துக்குள்ள இருக்கறப்பவே வேற எடத்துக்கு மாத்தறதுதான் நல்லது, பொறந்தப்புறம் ஆம்புலன்ஸ்ல கொண்டு போறதை விட அம்மா வயிறு பாதுகாப்பு. முடிஞ்சா மனைவியையும் வீல்சேர்ல கூட்டிட்டுப் போயி என்ஐசியுவைக் காட்டச் சொல்லுங்க, இல்லன்னா அந்த டாக்டரை பெட்டுக்கு வரச் சொல்லுங்க. ஊர்ல ஒரு பேச்சு இருக்கு, ஏழாம் மாசம் பொறந்தா பொழைச்சுக்கும் எட்டாம் மாசம்னா தங்காதுன்னு. சுத்தப் பொய். உள்ள பாதுகாப்பா இருக்கற ஒவ்வொரு வாரமும் நுரையீரலுக்கும் மூளைக்கும் லாபம்தான். யாராவது வார்டுல இதைச் சொன்னா அங்கயே நிறுத்துங்க.

பணம் பத்தி ஒரு வார்த்தை. அம்மா பில் வேற, ரெண்டு குழந்தைக்கும் என்ஐசியு பில் தனித்தனி. கம்பெனி இன்சூரன்ஸ்ல பொறந்த நாள்ல இருந்தே குழந்தைக்கு கவர் உண்டான்னு ஹெச்ஆர்ல எழுத்துல வாங்குங்க, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க்ல காட்டிக் கேளுங்க, மூணு நாளைக்கு ஒருதடவை பில் எவ்வளவு ஆச்சுன்னு பாருங்க. கை தாங்காதுன்னா கூச்சப்படாம டாக்டர்கிட்ட சொல்லுங்க, அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகள்ல பச்சக் குழந்தை ஐசியு இருக்கு, 2011-ல வந்த ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்துல அரசு ஆஸ்பத்திரில அம்மாவுக்கும், உடம்பு சரியில்லாத பச்சக் குழந்தைக்கும் வைத்தியம் இலவசம். ஆனா அங்க பெரும்பாலும் பிரசவ வார்டுல ராத்திரி பொம்பளைங்க மட்டும்தான் தங்க முடியும், அதையும் மனசுல வெச்சுக்கங்க. அப்புறம் லீவு, தயவு செஞ்சு இருக்கற லீவ இப்பவே தீத்துராதீங்க. தனியார் கம்பெனில அப்பாவுக்கு லீவு குடுத்தே ஆகணும்னு சட்டம் எதுவும் இல்ல, உங்க தேவை அதிகமா இருக்கப் போறது குழந்தைங்க பொறந்தப்புறம்தான். இப்ப தினமும் வர்றதை விட, நாள் விட்டு நாள் வந்தாலும் சொன்ன நேரத்துக்கு வர்றது அவங்களுக்குப் பெருசு, வராத நாள்ல அவங்கம்மாவோ அக்காவோ யாராவது இருக்கட்டும்.

பொண்ணுகிட்ட அம்மா ஊருக்குப் போயிருக்கான்னு பொய் சொல்லாதீங்க. "பாப்பாங்களுக்கு இன்னும் பலம் வரல, அதுவரைக்கும் அம்மா ஆஸ்பத்திரில டாக்டர்கிட்ட இருக்காங்க"ன்னு சொல்லுங்க. தினமும் ஒரே நேரத்துக்கு வீடியோ கால், ராத்திரி தூங்கறதுக்கு முன்னாடி கதை அம்மாவே சொல்லட்டும். இது பொண்ணுக்கு மட்டும் இல்ல, மனைவிக்கும் வீட்ல தன் எடம் அப்படியே இருக்குன்னு தெரியணும்.

போன் வரப்போற அந்த ராத்திரிக்குத் தயாரா இருங்க. ரெட்டைப் பிரசவத்துல ரத்தப்போக்கு ஜாஸ்தியா இருக்கலாம், அதனால மனைவியோட குரூப்புக்கு ரத்தம் குடுக்க ரெண்டு மூணு பேர் நம்பர் கையில இருக்கணும், நெகட்டிவ் குரூப்னா இன்னைக்கே தேட ஆரம்பிங்க. ஆபரேஷன் முடிஞ்சா குழந்தைங்க ஒரு பக்கம் ஓடும் மனைவி ஒரு பக்கம் இருப்பாங்க, நீங்க எங்க போறதுன்னு இப்பவே அவங்ககிட்ட கேட்டு வெச்சுக்கங்க. நிறைய பொண்ணுங்க குழந்தைங்ககூட போன்னுதான் சொல்வாங்க. போனா, அனுமதி கேட்டு போட்டோ எடுத்து மொதல்ல காட்டறது அவங்களுக்குத்தான், வாட்ஸப் குரூப்புக்கு இல்ல. அன்னைக்கே, முடிஞ்ச வரைக்கும் சீக்கிரமா, சீம்பாலைக் கையால பீச்சி எடுக்க நர்ஸ் உதவுவாங்க, நாலு சொட்டுதான் வரும், அந்த நாலு சொட்டையும் சிரிஞ்சுல பேர் எழுதி என்ஐசியுவுக்குக் கொண்டு போறது உங்க வேலை, ரெண்டு மூணு மணிக்கு ஒருதடவை, ராத்திரியும்தான். டாக்டர் சரின்னதும் சட்டையைக் கழட்டி குழந்தையை நெஞ்சோட வெச்சுக்கற கங்காரு முறைல நீங்களும் உக்காருங்க, அப்பா நெஞ்சும் அதே சூடுதான். 34 வாரத்துக்கு முன்னாடி பொறந்தாலோ 2 கிலோவுக்குக் கீழ இருந்தாலோ பொறந்து ஒரு மாசத்துக்குள்ள கண் பரிசோதனை கட்டாயம் பண்ணணும், டிஸ்சார்ஜ் ஆன சந்தோஷத்துல மறந்துடற விஷயம் இது, நோட்டுல மொதப் பக்கத்துலயே எழுதி வைங்க.

உங்களுக்கும் தூக்கம் வராம, சாப்பாடு எறங்காம, எதைப் பாத்தாலும் அழுகை வந்தா 14416-க்கு போன் பண்ணுங்க, அரசோட டெலி மானஸ் மனநல உதவி, இலவசம், தமிழ்லயே பேசலாம். மனைவியும் பேசலாம்.

வளைகாப்பு கேட்டிருந்தீங்க. மனைவிக்கு ஆசை இருந்தா மட்டும் பண்ணுங்க, உங்கம்மா ஆசைக்காக வேணாம். கூட்டம் கூடாது, அவங்கம்மா, உங்கம்மா, பொண்ணு, அவ்வளவு பேர் போதும், உள்ள விடுவாங்களான்னு வார்டு சிஸ்டர்கிட்ட கேட்டுக்கங்க, சளி காய்ச்சல் உள்ளவங்க வரவே வேணாம். கை வீங்கியிருக்கும், அதனால கண்ணாடி வளையல் ஒரு சைஸ் பெருசா வாங்குங்க, கேனுலா, அதாவது மருந்து ஏத்தற ஊசிக்குழாய் இல்லாத கையில பொண்ணையே போட்டு விடச் சொல்லுங்க. ஆபரேஷன் தியேட்டருக்குக் கூட்டிட்டுப் போறப்ப கழட்டச் சொல்லுவாங்க, அப்ப ஒடையாம வாங்கி உங்க சட்டைப் பையில வெச்சுக்கங்க.