அம்மா, அப்பாவின் தலையிடி: கேட்டவர்களுக்குப் பதில்

களுவாஞ்சிக்குடித் தங்கச்சி: அம்மாவுக்கு 67 வயது. மூன்று கிழமையாக நெற்றிப்பொட்டில் கடும் இடி. ஸ்கானில் ஒன்றுமில்லையாம். இனி என்ன?

பதில்: ஸ்கானில் தெரியாத காரணங்களும் உண்டு, தங்கச்சி. அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்: தலை சீவும்போது தோல் நோகிறதா? இறைச்சி மெல்லும்போது தாடை உளைந்து, நிறுத்தி நிறுத்திச் சாப்பிடுகிறாரா? ஒரு கண் சற்று நேரம் மங்கித் தெளிந்ததா? 50 வயதுக்கு மேல் புதிதாக வந்த தலையிடியோடு இவற்றில் ஒன்று இருந்தாலும், பொட்டில் ஓடும் இரத்தக் குழாயின் அழற்சியாக இருக்கலாம். சாதாரண சி.டி. ஸ்கான் அதைக் காட்டாது. ஈ.எஸ்.ஆர், சி.ஆர்.பி என்ற இரத்தப் பரிசோதனைகள் துப்புக் கொடுக்கும். சந்தேகம் வலுத்தால் வைத்தியர் மற்றச் சோதனைகள் முடியும்வரை காத்திராமல் ஸ்டீரொய்ட் தொடங்குவார். பறிபோன பார்வை பெரும்பாலும் திரும்பாது. கண் மங்கியிருந்தால் கிளினிக் திகதி பார்க்க வேண்டாம். இன்றைக்கே மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள்.

அக்கரைப்பற்றுத் தம்பி: வாப்பாவுக்குத் தலையிடி வந்தால், பிறசர் கூடிவிட்டதென்று குளிசையை இரண்டாகப் போடுகிறார். சரியா?

பதில்: கூடவே கூடாது. பிறசர் 180/120 போல மிக உயர்ந்தாலன்றி பொதுவாகத் தலையிடி தராது. வலியாலும் பிறசர் ஏறும். அளக்காமல் கூட்டிப் போட்டால் தலைசுற்றி விழுந்துவிடுவார்.

அதே தம்பி: போன மாதம் குளியலறையில் வழுக்கித் தலை அடிபட்டது. அஸ்பிரினும் எடுக்கிறார்.

பதில்: அடடா, இதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! வயதானவர்களுக்குச் சின்ன அடியிலும் மூளையின் மேல் இரத்தம் மெல்லக் கசிந்து, சில கிழமை கழித்துத் தலையிடி, தடுமாற்றம், மறதி என்று வெளிப்படும். இன்றே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய், விழுந்ததையும் அஸ்பிரினையும் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

வாழைச்சேனை அக்கா: அப்பா தினமும் பனடோல் போடுகிறார். அப்படியும் மாறவில்லை.

பதில்: மூன்று மாதத்துக்கு மேலாக, மாதத்தில் 15 நாளோ அதிகமோ போட்டால் பனடோலே தலையிடியைத் தக்கவைக்கும். வைத்தியரோடு பேசிக் குறையுங்கள். நிறுத்திய புதிதில் கொஞ்சம் கூடித்தான் குறையும்.

திருக்கோவில் தம்பி: எப்போது 1990 அம்புலன்ஸுக்கு அடிக்க வேண்டும்?

பதில்: ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும் இடி, வாய் கோணல், பேச்சுக் குழறல், காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கண் சிவந்து சத்தி. இவற்றில் எது வந்தாலும் உடனே. அம்புலன்ஸ் இலவசம். வரும்வரை அஸ்பிரினோ சாப்பாடோ கொடுக்காமல், கிளினிக் கொப்பியையும் குளிசைப் பையையும் எடுத்து வையுங்கள்.