பகை, பகைவன், எதிரி: சொற்களின் வேர் தேடி ஒரு கேள்வி பதில்

கொழிஞ்சாம்பாறை மாணவி: மாஷே (ஆசிரியரே), என்கூடப் படிக்கிற மலையாளப் பிள்ளைகள் 'பக' என்கிறார்கள். நம் பகையும் அதுவும் ஒன்றா?

ஒன்றேதான், அம்மா. தெலுங்கிலும் 'பக' உண்டு. கன்னடத்தில் 'ஹகெ'; நம் பாலும் பத்தும் அங்கே ஹாலு, ஹத்து ஆனது போலத்தான். ஆகவே இது வடமொழியிடம் வாங்கியதில்லை, நான்கு மொழிக்கும் பொதுவான பழஞ்சொல். வேர் 'பகு'. பகுதி, பகிர்வு எல்லாம் அதில் கிளைத்தவை. பிளந்து நிற்பதுதான் பகை.

திருக்குறளில் இகல் (மாறுபாடு) அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். 'பகலென்னும் பண்பின்மை' என்கிறது 851ஆம் குறள். அந்தப் பகல் பொழுதைக் குறிக்கவில்லை. 'கூடாமை' என்றே பரிமேலழகர் உரை எழுதுகிறார். பகையின் வேர்ப்பொருளை இவ்வளவு துல்லியமாகக் காட்டும் இடம் எனக்கு வேறு தெரியாது.

மலையாளத்தில் கடனை அடைப்பது 'கடம் வீட்டுக', பழி தீர்ப்பது 'பக வீட்டுக'. இரண்டுக்கும் ஒரே வினை. நெஞ்சில் வைத்திருந்து தீர்க்கும் வன்மம் என்ற சாயல் அங்கே கூடுதல்.

பாலக்காட்டுச் சித்தூர் விவசாயி: பழைய பாட்டில் பகைவனுக்கு வேறென்ன பேருங்க சார்?

நிறைய உண்டுங்க. ஒன்னார், ஒட்டார், நள்ளார். ஒன்றாதவர், ஒட்டாதவர், நட்புக் கொள்ளாதவர் என்று மூன்றும் எதிர்மறையில் பிறந்தவை. வெறுப்பையோ கொடுமையையோ சொல்லாமல், சேராமையை மட்டும் சொல்லி நிறுத்தியிருக்கிறார்கள். எனக்கு மிகப் பிடித்த சொற்கள் இவை. தெவ்வர் என்பதும் உண்டு. 'தெவ்வுப் பகையாகும்' என்பது தொல்காப்பியம்.

கொல்லங்கோட்டு வாசகர்: வைரியும் வைராக்கியமும் உறவா?

இல்லை. பகைவனைக் குறிக்கும் வைரி, பகை என்று பொருள்படும் 'வைர' என்ற வடசொல்லில் வந்தது. அது 'வீர' என்பதன் வழிச்சொல். வைராக்கியமோ 'விராக', அதாவது பற்றின்மை என்ற சொல்லில் வந்தது.

மீனாட்சிபுரம் வாசகர்: பாலக்காட்டு நீதிமன்ற நோட்டீசில் என் அண்ணனைப் 'பிரதி' என்று போட்டிருக்கிறார்கள். நிலத் தகராறுதான். குற்றவாளி என்று அர்த்தமா?

பயப்படாதீங்க தம்பி. தமிழ்நாட்டில் குற்றம் சாட்டப்பட்டவரை 'எதிரி' என்றும், சிவில் வழக்கில் வழக்கை எதிர்கொள்பவரைப் 'பிரதிவாதி' என்றும் எழுதுவார்கள். மலையாளத்தில் இருவருக்குமே 'பிரதி'தான். நில வழக்கென்றால் அண்ணன் பிரதிவாதி, அவ்வளவே. நோட்டீசில் போட்டிருக்கும் தேதியைத் தவறவிடாமல் வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள்.