கிளிமஞ்சாரோ: ஐந்து நாளா, எட்டு நாளா?

கேள்வி: வழிகாட்டியுடன் செல்லும் குழு ஒன்றில் சேர்ந்து தான்சானியாவிலுள்ள கிளிமஞ்சாரோ மலையில் ஏறவிருக்கிறேன். மரங்கு வழியாக ஐந்து நாள், லெமோஷோ வழியாக எட்டு நாள் என இரண்டு திட்டங்கள் உள்ளன. தினமும் ஓடிப் பழகிய எனக்கு ஐந்து நாள் போதாதா?

பதில்: போதாது, எட்டு நாள் திட்டத்திலேயே சேருங்கள். ஓட்டப் பயிற்சி கால்களுக்கு வலுவூட்டுமே தவிர, உயரத்தில் ஆக்சிஜன் குறைவதால் வரும் உயர்மலை நோயிலிருந்து யாரையும் காப்பதில்லை. கிளிமஞ்சாரோவின் உச்சியான, 5,895 மீட்டர் உயரமுள்ள உஹுரு சிகரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். அதற்கு உடல் பழகுவதற்குத் தேவைப்படுவது நாட்கள். 3,000 மீட்டரைத் தாண்டியபின் இரவு உறங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது என்பது மலை மருத்துவ வல்லுநர்களின் பரிந்துரை. ஐந்து நாள் திட்டத்திலோ முதல் இரவு மந்தாரா குடிலில் சுமார் 2,700 மீட்டர், மறுநாள் ஹொரம்போவில் 3,700, அடுத்த நாள் கிபோவில் 4,700 என உயர்ந்து, அன்று நள்ளிரவிலேயே சிகரத்துக்குப் புறப்பட வேண்டியிருக்கும். இந்த அவசரத்தை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். லெமோஷோ பாதையில் பகலில் சுமார் 4,600 மீட்டரிலுள்ள லாவா டவர் வரை ஏறிவிட்டு, இரவு 4,000 மீட்டருக்கும் கீழேயுள்ள பாரங்கோ முகாமுக்கு இறங்கி உறங்குவார்கள். உடல் பழகுவதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை.

கேள்வி: வழியில் எனக்கு மட்டும் தலைவலி வந்தால், குழுவினருக்காகப் பொறுத்துக்கொண்டு நடக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. லேசான தலைவலியானாலும் வழிகாட்டியிடம் உடனே சொல்லிவிடுங்கள்; அவர் அன்று உங்களை மேலே ஏற்றாமல் அங்கேயே தங்கவைக்கக்கூடும். குதிகாலும் கால்விரலும் தொடும்படி அடிமேல் அடி வைத்து நேர்க்கோட்டில் நடக்கச் சொல்லும்போது தள்ளாடினால் மூளையில் வீக்கம் தொடங்கியிருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். இரண்டில் எது தென்பட்டாலும், நள்ளிரவானாலும், விடியும் வரை காத்திராமல் துணையோடு கீழே இறங்கிவிட வேண்டும். எனவே பணம் கட்டுமுன், குழுவுடன் துணை வழிகாட்டிகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கேளுங்கள். ஒருவர் உங்களோடு இறங்கினாலும் மற்றவர்களை அழைத்துச் செல்ல ஆள் இருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத குழுவில் சேராதீர்கள். உயர்மலை நோயைத் தடுக்க உதவும் அசெட்டசோலமைடு மாத்திரை உங்களுக்கு ஏற்றதா என்பதைப் பயணத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.