ஒரு கார்ட், மூன்று பெயர்

அன்புள்ள ஐயா,

பீட்டில்ஸ் இசைக்குழுவின் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’ பாட்டின் தொடக்கத்தில் ‘ஜாங்’ என்று ஒரே ஒரு கார்ட் (பல சுரங்கள் சேர்ந்து ஒலிப்பது) விழுகிறதே, அது என்ன? கார்டைக் கண்டுபிடித்துச் சொல்லும் ஒரு ஆப் ஜி9 சஸ்4 என்கிறது, இன்னொன்று டி மைனர் 11, மூன்றாவது எஃப் 6/9. கீபோர்டில் மூன்றையும் வாசித்துவிட்டேன். எதுவும் பாட்டில் கேட்பதுபோல் இல்லை.

எஸ்., முத்தியால்பேட்டை, புதுச்சேரி

அன்புள்ள எஸ்.,

மூன்று ஆப்பும் சொல்வது அதே ஐந்து சுரங்களைத்தான்: டி, எஃப், ஜி, ஏ, சி. (உங்கள் ஊரில் பிரெஞ்சு முறையில் படித்தவர்களுக்கு ரே, ஃபா, சோல், லா, தோ.) எதை ஆதாரமாக வைக்கிறோமோ அதற்கேற்பப் பெயர் மாறுகிறது. கர்நாடக இசையில் சட்ஜமத்தை இடம் மாற்றி வேறு ராகம் எடுக்கும் நம் கிரகபேதமேதான். எஃப் சட்ஜமமானால் மோகன ராகம், டி ஆனால் சுத்த தன்யாசி, ஜி ஆனால் மத்யமாவதி. ஆகவே பெயரை விடுங்கள், அடியில் நிற்கும் சுரத்தைப் பிடியுங்கள்.

ஹெட்போன் மாட்டி, பாட்டைச் சுருதி மாறாமல் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். கூடவே சுருதிப்பெட்டி ஆப்பை இரண்டு கட்டை (டி), நாலு கட்டை (எஃப்), ஐந்து கட்டை (ஜி) என்று மாற்றிப் பாருங்கள். மூன்றுமே உறுத்தாது, மூன்றும் கார்டில் இருப்பவை. ஆனால் பாஸ் கிடாரோடு கரைந்துபோவது இரண்டு கட்டை, அதாவது டி.

பதிவானது 1964 ஏப்ரல் 16. குழுவின் ஜார்ஜ் ஹாரிசன் 12 தந்தி ரிக்கன்பேக்கர் கிடாரில் எஃப் கார்டை, உச்சியில் ஜி வைத்து அடிக்கிறார். இதை 2001இல் அவரே சொன்னார். பால் மெக்கார்ட்னியின் பாஸில் டி. பியானோ, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின். அவர் எந்தெந்தக் கீகளை அழுத்தினார் என்பதில்தான் இன்றும் வாதம். டி தந்தியைத் தட்டினாலே அதன் மூன்று மடங்கு அதிர்வெண்ணில் ஏ சுரமும் கூடவே ஒலிக்கும். எஃப்பில் சி, சியில் ஜி. அலைவரிசையைக் கம்ப்யூட்டரில் பிரித்துப் பார்த்தால் யாருமே வாசிக்காத சுரமும் வாசித்ததுபோலத் தெரியும். ஆப் ஏமாறுவதும் இங்கேதான்.

நீங்கள் வாசித்தது ஒத்துவராததற்குக் காரணம் பெரும்பாலும் சுரங்களின் அடுக்காக இருக்கும். எஃப், ஜி, ஏ மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் அழுத்தினால் கொழகொழவென்றுதான் கேட்கும். ஜி தனியாக உச்சியில் நிற்க வேண்டும். நடு சிக்குக் கீழே உள்ள டி, எஃப் இரண்டும் இடது கையில். அதற்கு மேல் உள்ள ஏ, நடு சி, அதன்மேல் ஜி வலது கையில். எஃப்பையும் வலது கையிலேயே எடுக்கப் பார்த்தால் விரல் எட்டாமல் ஜி தாமதமாக விழும். ஐந்தும் ஒரே கணத்தில் விழ வேண்டும், பெடல் அதற்கு முன்பே இறங்கியிருக்க வேண்டும். 12 தந்தி கிடாரின் கீழ் நான்கு தந்தி ஜோடிகளுக்கு மேல் ஸ்தாயி இரட்டை உண்டு என்பதால், பியானோவோடு 12 தந்தி கிடார் டோனையும் சேர்த்து லேயர் செய்தால் அந்தப் பளபளப்பு வரும். தொடங்குமுன் கீபோர்டின் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.