விடுதலையானவரை இன்னும் ஏன் சிறையில் வைத்திருக்கிறோம்?

கேள்வி: தியாகராஜ பாகவதர் பாட்டை மகனுக்குப் போட்டுக் காட்டினேன். "கொலைகாரன் பாட்டு வீட்டில் எதற்கு? செய்த பாவம்தான் கடைசியில் அவரைப் பிச்சைக்காரன் ஆக்கியது" என்கிறார் மாமனார். ரப்பர் தோட்டத்தில் அந்தக் காலத்தில் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்களாம். உண்மையா?
- வாசகி, சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: உண்மை இல்லை, அம்மா. 1944 நவம்பரில் மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னையில் கத்திக்குத்துப்பட்டு இறந்தார். அந்த வழக்கில் பாகவதரையும் நகைச்சுவை நடிகர் என்.எஸ்.கிருஷ்ணனையும் பிடித்தார்கள். 1945இல் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு அப்போதைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுவிசாரணைக்குச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே திரும்பியது. 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை. உங்கள் மாமனார் முதல் பாதியோடு நின்றுவிட்டார்.

அவர் மீதும் தப்பில்லை. பாகவதரின் 'ஹரிதாஸ்' படம் 1944 தீபாவளிக்கு வெளியானபோது மலாயா ஜப்பான்காரன் கையில் இருந்தது. மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த சனத்திடம் வந்து சேர்ந்தது அரைகுறைச் செய்திதான். அதையே தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு லயம் சொல்லி வளர்த்துவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

எங்கள் வீட்டில் தாத்தாவின் படம் ஒன்றே ஒன்று இருக்கிறது. ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். காலில் செருப்பில்லை, சட்டையில் ஒரு பித்தான் இல்லை. தலையில் மட்டும் எண்ணெய் வைத்து வாரி, பிடரியில் புரளும் பாகவதர் கிராப்! விடியற்காலை இருட்டில் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, கிளம்பும்போதும் அதைச் சீவாமல் வாசல் தாண்ட மாட்டார் என்று பாட்டி சொல்வார். படம் பார்க்க டவுனுக்கு வர முடியாத அந்த மனிதருக்கு, தோட்டத்துக் கணக்குப்பிள்ளையான கிராணி வீட்டு கிராமபோனில் கேட்ட குரல் போதுமாக இருந்தது.

எப்படிப்பட்ட குரல்! 1910இல் மாயவரத்தில் பிறந்து, சிறுவனாகவே திருச்சி நாடக மேடையில் அரிச்சந்திரன் மகன் லோகிதாசனாக நின்றவர். கொட்டகையின் கடைசி வரிசைக்கும் எட்டப் பாடிப் பழகிய தொண்டை அது. தேய்ந்த இசைத்தட்டில்கூட, மேல் ஸ்தாயியில் ஒரு எழுத்து மழுங்காது.

சரி, கடைசிக் காலம்? சிறை இரண்டு வருஷத்துக்கு மேல் பிடுங்கிக்கொண்டது. வெளியே வந்து 1948இல் 'ராஜமுக்தி' எடுத்தார். ஓடவில்லை. அதற்குள் சனங்கள் பாட்டிலிருந்து வசனத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், அப்புறம் உடம்பும் கெட்டது. அப்படியும் கச்சேரியை விடவில்லை. 1959 நவம்பர் 1ஆம் தேதி 49 வயதில் இறக்கும்வரை பாடிச் சம்பாதித்தவரைப் பிச்சைக்காரன் என்பது பெரிய அநியாயம்.

மகனுக்குப் பாட்டைப் போடுங்கள். மாமனார் கேட்டால், 1947 ஏப்ரல் என்று மரியாதையாகச் சொல்லுங்கள்.